மூக்குக்குள் கேமரா

கண்டியிலிருந்து மடுல்கெல்லைக்குப் போகும் பஸ்ஸில், முன் சீட்டில் இருந்த ஒரு அம்மா பக்கத்துப் பெண்ணிடம் சொன்னார்:

"எங்க வீட்டுக்காரரு மூக்குக்குள்ள இன்னைக்கு கேமரா விட்டாங்க. வண்டவாளம் தண்டவாளம் ஏறிருச்சு."

"என்னக்கா தெரிஞ்சிச்சு?"

"ரெண்டு பக்கமும் சதை வளந்து அடைச்சுக் கெடக்கு. டீவியில எனக்கும் காட்டினாங்க, உரிச்ச ரம்புட்டான் மாதிரி. வாசம் தெரியாம எத்தனை வருசம்னு டொக்டர் கேட்டாரு. பத்து வருசமாம், வாய் கூசாம சொல்றாரு."

"பாவம்க்கா."

"என்னத்த பாவம்? அந்தப் பத்து வருசமும் என் கருவாட்டுக் கொழம்பு நாறுதுன்னு தட்டத் தள்ளினவரு!"

"அப்ப எந்த மூக்கால மோந்தாராம்?"

"எங்க மாமியா மொகத்தச் சுளிச்சா இவரு மூக்கப் பொத்துவாரு. அம்புட்டுத்தான் அந்த மூக்கு!"