வெறும் பயிற்சி

விளக்கைச் சற்றே தணியுங்கள்... இது என் நண்பனுடைய பெரியம்மாவுக்கு நேர்ந்தது.

நள்ளிரவு தாண்டிய நேரம். பழைய கிடங்குகளுக்கு நடுவே நீளும் ஒற்றைச் சாலை. முன்னே வெறுங்காலோடு பெரியப்பா. பின்னே, அவருடைய செருப்பைக் கையில் பிடித்தபடி பெரியம்மா. சட்டைப் பொத்தான் போடத் தெரியாத மனிதர், பூட்டிய கதவை எப்படித்தான் திறந்தாரோ...

ஒரு காலத்தில் அவர் குத்துச்சண்டைக்காரர். மணமான புதிதில், பந்தயமே கூடாது என்று பெரியம்மா ஒற்றைக்காலில் நின்றாள். அவரும் விட்டார். பெரிய வீரர்கள் பழகுவதற்கு எதிரே நிற்கும் வேலையில் சேர்ந்தார். தலைக்கவசம் மாட்டிக்கொண்டு அன்றாடம் அடி வாங்குவதே உத்தியோகம். பயிற்சிதானே என்று அவளும் நிம்மதியாக இருந்தாள். அவர் மயங்கி விழுந்ததில்லை. இரத்தம் கண்டதில்லை. அந்தச் சின்னச் சின்ன அடிகள்தாம் சேர்ந்து மூளையை அரித்துவிட்டன என்று மருத்துவர் சொன்னபோது, அவர் தம் மனைவியை 'நர்ஸம்மா' என்று அழைக்கத் தொடங்கியிருந்தார்.

என்றோ மூடிப்போன பயிற்சிக்கூடத்தின் முன்னே அவர் நின்றார். உள்ளிருந்து வியர்வையும் தைலமும் கலந்த வாடை. தாண்டுகயிறு தரையில் படும் ஓசை... டப்... டப்... நின்றது. கதவு திறந்தது.

வாசலில் நின்றதும் அவரேதான். கல்யாணக் கோலம் கலையாத வயதில்.

பெரியம்மா திரும்பிப் பார்த்தாள். கிழவர் அவள் பக்கத்திலேயே இருந்தார், மூச்சிரைக்க.

"இன்னும் தூங்கலையா நீ?" என்றான் வாசலில் நின்றவன். அந்தக் கண்கள் அவளை இன்னாரென்று அறிந்து பார்த்து எவ்வளவு காலமாயிற்று...

அவள் வாசலை நெருங்கினாள். "என்னங்க... உள்ள போகாதீங்க. வீட்டுக்கு வந்துடுங்க."

"பந்தயத்துக்குப் போகமாட்டேன்னு வாக்குக் குடுத்தேன், காப்பாத்துறேன்ல? இது வெறும் பயிற்சி."

"பயிற்சியும் வேணாங்க. அன்னைக்கு எனக்குத் தெரியல."

"தலைக்குள்ள ஏதாவது இருந்தாத்தானே பயப்படணும்னு நீயே கிண்டல் பண்ணுவியே." சிரித்தான். உள்ளே திரும்பினான்.

கதவு சாத்திக்கொண்டது. தட்டினாள், தள்ளினாள், கெஞ்சினாள். துருவேறிய தாழ் அசையவில்லை. உள்ளே மணி அடித்தது.

பக்கத்தில் கிழவரின் தலை வெடுக்கென்று இடப்பக்கம் திரும்பியது. பிறகு வலப்பக்கம்... எதிரே யாருமில்லை. அவருடைய கைகள் இரண்டும் தொங்கிக் கிடந்தன.

"நர்ஸம்மா... வலிக்குது."

அவர் தலையை இரு கைகளாலும் பொத்தி, மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். விடியும்வரை விடவில்லை.

காலையில் எலும்பு மருத்துவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவளுடைய இரண்டு புறங்கைகளிலும் எலும்பு முறிந்திருந்தது.

"யாரும்மா அடிச்சது?"

கேட்டவர் பார்வை, மூலையில் அமர்ந்திருந்த கணவர்மேல் போயிற்று. எழுந்து சென்று அந்தக் கைகளைப் புரட்டிப் பார்த்தார்... ஒரு கீறல்கூட இல்லை.

பெரியம்மா தன் கைகளை மேசைமேல் நீட்டினாள்.

"மாவுக்கட்டை நல்லா கெட்டியாப் போடுங்க டாக்டர்... ராத்திரி வருதில்ல."