பூசணி தின்ற சுவர்க்கோழிகள்

சுவர்க்கோழிப் பூச்சிக்குப் பூசணிக்காய் என்றால் கொள்ளை ஆசை. இது வழக்குக்குத் தேவைப்படாது ஐயா, ஆனால் இதை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னால் உங்களுக்குப் புரியாது.

எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு பூச்சித் தொட்டி இருக்கிறது. வறுத்துத் தின்னவும் விற்கவும் சுவர்க்கோழிகளை அதில் விட்டு, கோழித்தீவனம் போட்டு வளர்ப்பார்கள். பிடிப்பதற்குச் சில நாள் முன்பே நான் தீவனத்தை நிறுத்திவிட்டுப் பூசணியும் மரவள்ளி இலையும் மட்டும் போடுவேன். பூச்சியின் வயிறு சுத்தமாகிவிடும். வறுத்தால் தீவன நெடி இருக்காது. மற்றவர்களும் செய்வார்கள்தான், ஆனால் வியாபாரி வந்து நின்றால் அவசரப்பட்டு அள்ளிக் கொடுத்துவிடுவார்கள். நான் அப்படிக் கொடுத்ததே இல்லை.

இத்தனை பாடுபட்டும் என் கணவர் தோங்காம் ஒரு பூச்சியைக்கூட வாயில் வைத்ததில்லை. கல்யாணமான புதிதில் இறால் தின்று முகம் வீங்கி, மூச்சடைத்து, ஆஸ்பத்திரியில் கிடந்தார். இறால், நண்டு, பூச்சி எதுவும் ஆகாது என்றார் டாக்டர். நானும் பக்கத்தில்தான் நின்றேன். தீவனம் தின்ற பூச்சியைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

சந்தையில் பக்கத்துக் கடை வன்னா அக்காவுக்கு இது போதும். "சொந்தப் புருஷனே தொடாததை ஊரான் தலையில கட்டுறியேடி" என்று வாங்க வந்தவர்கள் முன்னாலேயே சொன்னாள். என் கணவர் கூடவே சிரித்தார். "எனக்கு உசுரு மேல ஆசை இருக்குக்கா" என்றார். வந்தவர்கள் அவள் கடைக்கு நகர்ந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வருஷக்கணக்கில் இதே பேச்சு, இதே சிரிப்பு.

மறுநாள் மத்தியானம் பூச்சியை வறுத்து, மிளகாயோடு நைசாக இடித்துத் துவையலாக்கினேன்.

"என்னடி, இன்னைக்கு மணமா இருக்கு?"

"காளான்" என்றேன்.

ஒட்டரிசிச் சோற்றை உருட்டி உருட்டித் தொட்டுச் சாப்பிட்டார். எனக்கு மனசு குளிர்ந்துபோனது. பிறகு கழுத்தைச் சொறிந்தார். உதடு தடித்தது.

"லம்துவான், இதுல என்ன போட்ட?"

சொன்னேன். கையை நீட்டினார். "வண்டிச் சாவி."

சாவி என் இடுப்பு மடிப்பில் இருந்தது. "முதல்ல எப்படி இருக்குன்னு சொல்லுங்க, தர்றேன். ஒரு வார்த்தைதானே" என்றேன். நல்லா இருக்கு என்று சொல்ல என்ன கஷ்டம்? வாயைத் திறந்தார், மூடினார், திறந்தார். சொல்லவில்லை. பிடிவாதம், எப்போதும் அப்படித்தான். பாயில் சாய்ந்த பிறகும் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். வீடு ரொம்ப அமைதியாகிவிட்டது.

ஆமாம் ஐயா, தெரிந்தேதான் கொடுத்தேன், சாவியையும் நான்தான் தரவில்லை. கொன்றாள் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டிருந்தார். அவருக்குப் பிடித்திருந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.