கான் ஷுஹுவேயின் முகவரி

காலையில் சூடாக ஒரு கோப்பை சோயாப்பால் இறங்கினால்தான் எனக்கு வேலை ஓடும். மூன்று வருடமாக அதை கான் ஷுஹுவேயின் கடையில்தான் குடித்தேன்.

எங்கள் நகரமன்ற உறுப்பினர் வேய் என்பவரைப் பதவியிலிருந்து திரும்ப அழைக்கத் தேர்தல் வேண்டும் என்று முதலில் மனுக் கொடுத்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேரில் அவளும் ஒருத்தி. மனுவில் பெயர், அடையாள எண், முகவரி எல்லாம் எழுத வேண்டும். குடிப்பதிவேட்டோடு அவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பது என் வேலை.

"அண்ணே, அந்தத் தாளை வேற யாராவது பாப்பாங்களா?" என்று கடையில் கேட்டாள்.

"நான் மட்டுந்தான் பாப்பேன், முதலாளியம்மா."

"அப்ப சரி. நீங்கன்னா பயமில்ல."

அவள் ஏன் கேட்டாள் என்று எனக்குத் தெரியும். முன்பு பிங்துங் என்ற ஊரில் இருந்தபோது அவள் கணவன் இருமுறை அவள் விலா எலும்பை உடைத்திருந்தான். அவனுக்கு முகவரி தரக்கூடாது என்ற நீதிமன்றக் குறிப்பு அவள் பதிவிலேயே இருந்தது.

மனு வந்த நாளிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. எழுவேன், ஜன்னல் வரை போவேன், திரும்புவேன். ஊர் இரண்டாகிக்கொண்டிருந்தது. என் மைத்துனர்கள் கோயில் விருந்தில் தனித்தனி மேசையில் சாப்பிட்டார்கள். உறுப்பினர் வேயின் உதவியாளர் மனுக் கொடுத்தவர்களின் முழுப் பட்டியலைக் கேட்டார். நான் மறுத்துவிட்டேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். முந்நூறு பேரைக் காட்டிக்கொடுப்பது அநியாயம். ஒருவருக்கு ஏதாவது நேர்ந்தால் போதும், மற்றவர்கள் விலகிக்கொள்வார்கள் என்று பட்டது.

யார் அந்த ஒருவர் என்று இரண்டு நாள் யோசித்தேன். வயதானவர்களை விட்டுவிட்டேன். பிள்ளை உள்ளவர்களையும்.

கான் ஷுஹுவேயின் கணவனுடைய தொலைபேசி எண் பழைய பதிவில் இருந்தது. அவனை அழைத்து அவள் முகவரியை நிதானமாகச் சொன்னேன். "நீங்க யாருங்க?" என்றான். வைத்துவிட்டேன்.

நான்காம் நாள் அவளை மாடிப்படியில் கண்டெடுத்தார்கள். இறுதிச்சடங்கில் எல்லோரோடும் உட்கார்ந்து இறந்தவளுக்காக எரிக்கும் காகிதத் தாமரைகளை நானும் மடித்தேன். அவள் கணவனுக்கு முகவரி எப்படிக் கிடைத்தது, மனுவிலிருந்தா என்று அங்கேயே பேச்சு எழுந்தது. மறுவாரம் அறுபது பேர் பெயரை விலக்கிக்கொண்டார்கள். தேவையான எண்ணிக்கை குறைந்து மனு விழுந்தது.

உங்கள் விசாரணை அறிக்கையில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. பலர் பதிவில் ஒரு வீடும் குடியிருப்பது வேறு வீடுமாக இருப்பார்கள். அதனால் அவனோடு பேசுவதற்கு முன் அவளுக்குப் போன் செய்து, இப்போதும் அங்கேதான் இருக்கிறாளா என்று கேட்டேன்.

"அங்கதாண்ணே. மூணாவது மாடி, பின்பக்கம். இவ்வளவு அக்கறையா யாரு விசாரிக்கிறாங்க," என்றாள்.

சம்பந்தமில்லாத ஒருவருக்குத் தீங்கு நேர்ந்துவிடக் கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தேன்.