சுவருக்கு அந்தப் பக்கம்

— தையல் மிஷினை நிறுத்திடட்டுமா, தம்பி? இந்தச் சத்தத்துல நீ படிக்கிறது காதுல விழல.

— வேணாம் அண்ணி, ஓடட்டும். சத்தம் இருந்தா எனக்குப் படிக்கத் தோதா இருக்கு.

— இந்தக் காலரை மட்டும் முடிச்சிடறேன். நீ படி.

— “அண்ணன் விடியும் முன்பே எழுந்துவிடுவார். எங்கள் எல்லோருக்கும் முன்பாகக் காலணியைத் துடைத்து...”

— யாரு, என் புருஷனா?

— ஆமா.

— இந்த வீட்டுல வெயில் மூஞ்சில அடிக்காம ஒரு நாள் எந்திரிச்சதில்ல. பட்டாளத்துக்குப் போனதும் திருந்திட்டாராக்கும்.

— இல்ல... அங்கயும் கூட இருந்த சிப்பாய்ங்க நாங்கதான் உலுக்கி எழுப்புவோம்.

— அப்புறம் எதுக்கு இப்படி எழுதியிருக்க?

— போனவரைப் பத்தி எழுதறோம், கொஞ்சம் மரியாதையா இருக்கட்டுமேன்னு...

— நீ மரியாதையா எழுதினா வேற யாரோ மாதிரி இருக்கு. அவரோட குறட்டையை எழுது.

— சரி, அடிச்சிட்டேன். மாத்தி எழுதறேன்.

— இப்பவாவது ராத்திரி தூங்கறியா?

— சாயங்கால வகுப்புல சேர்ந்து எழுத ஆரம்பிச்சதுலேர்ந்து பரவாயில்ல. சண்டை முடிஞ்சு வீட்டுக்கு வந்த புதுசுல கண்ணை மூடவே முடியாது. இப்ப... ஒரு நினைப்பை எழுதிட்டேன்னா அது ராத்திரி வர்றதில்ல. ஏன்னு தெரியல. ஆனா வர்றதில்ல.

— நல்லதுதானே. அப்ப மூஞ்சி ஏன் இப்படி வாடிக் கெடக்கு?

— இன்னும் ஒண்ணு பாக்கி இருந்துச்சு. அது மட்டும் விடாம வந்துச்சு. அதையும் நேத்து எழுதினேன். உங்ககிட்டப் படிச்சுக் காட்டாம வகுப்புல கொடுக்கக் கூடாதுன்னுதான்...

— படி.

— “குண்டு விழுந்ததும் அண்ணன் அந்த இடத்திலேயே இறந்தார். அவருக்கு வலி தெரியவில்லை.”

— அவ்வளவுதானா?

— அவ்வளவுதான்.

— சேதி கொண்டு வந்த அதிகாரியும் வாசல்ல நின்னு இதையேதான் சொன்னார். வார்த்தை மாறல.

— ம்.

— எழுதிட்டேல்ல. அப்ப இனிமே ராத்திரி வராது.

— ...நேத்தும் வந்துச்சு.

— ஏன்?

— மிஷின் ஏன் நின்னுடுச்சு அண்ணி?

— காலர் முடிஞ்சுது. ஏன் வந்துச்சுன்னு கேட்டேன்.

— உங்களுக்கு வேணாம் அண்ணி, விடுங்க.

— எனக்கு எது வேணும், எது வேணாம்னு நீ எதுக்கு முடிவு பண்ற? சொல்லு.

— அவர்... உடனே சாகல. விடியற வரைக்கும் உயிர் இருந்துச்சு.

— ம்.

— இடிஞ்ச சுவருக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். என் கால் கல்லுக்கு அடியில மாட்டிக்கிச்சு. நகர முடியல. அவர் குரல் மட்டும் கேட்டுச்சு.

— என்ன பேசினார்?

— உங்களோடதான் பேசினார். நீங்க எதிர்ல உட்கார்ந்திருக்கற மாதிரி. வீட்டுக்கு வெள்ளையடிக்கணும்னார். சமையலறைக்கு மஞ்சள் வேணாம், அழுக்கு தெரியும்னார். நடுவுல சிரிச்சார்கூட. ஜன்னி கண்டுடுச்சுன்னு நினைச்சேன்.

— நீ எதுவும் பேசலையா?

— வாயைத் திறந்தா கால் வலியில கத்திடுவேனோன்னு பயம். கத்தினா எதிரிங்க மறுபடி சுடுவாங்க. பல்லைக் கடிச்சிட்டுக் கெடந்தேன். அவர் ஏதாவது கேட்பார். கேட்டுட்டு நிறுத்துவார்... பதிலுக்குக் காத்திருக்கற மாதிரி. நான் “சரிண்ணே”ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல. அவர் நிறுத்தினாரே, அந்த அமைதி... அதுதான் அண்ணி தினமும் வருது.

— அதை எழுது.

— எப்படி எழுதறது? மனுஷன் கடைசி வரைக்கும் காத்தோட பேசிட்டுப் போனார்னா? உங்க மாமியார் காதுல விழுந்தா என்ன ஆவாங்க?

— அத்தைகிட்ட நானும்தான் சொல்லல. உடனே போயிட்டார்னே நம்பட்டும்னு விட்டுட்டேன்.

— நீங்க... எதைச் சொல்லல?

— அங்க போன் வச்சிருக்கக் கூடாதுல்ல, ஒரு சின்ன போனை ஒளிச்சு வச்சிருந்தார், தம்பி. அன்னிக்கு ராத்திரி அதுலதான் என்னைக் கூப்பிட்டார். அடிபட்டதை என்கிட்டச் சொல்லவே இல்ல, மூச்சுலயே தெரிஞ்சுது. மஞ்சள்தான் வேணும்னு சண்டை போட்டேன், அதுக்குத்தான் சிரிச்சார். அவர் நிறுத்தின போதெல்லாம்... நான் பேசிட்டிருந்தேன்.