மாதிரிப் பெட்டி

— டெஸ்ட்டுல பாஸ் சார். மூணாவது தடவையும் பாஸ். சொன்னா சந்தோஷப்படுவீங்கன்னு பார்த்தா, மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிறீங்க?

— இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்களேன் மேடம்.

— காலையிலேர்ந்து இதே வேலைதான். நிக்க வச்சாச்சு, படுக்க வச்சாச்சு, மேசையச் சுத்த விட்டு எனக்கே தலை சுத்துது. வேண்டாத அலை எதுவும் வெளிய வரல. திரையில எல்லை காட்டுற சிவப்புக் கோட்டுக்குக் கீழயே சமத்தா உக்காந்திருக்கு.

— எங்கயும் தாண்டலையா? ஒரு இடத்துலகூட?

— எங்க லேப்புக்கு வர்றவங்க எல்லாரும் "கொஞ்சம் பார்த்துப் போடுங்க மேடம்"னு பாஸுக்குக் கெஞ்சுவாங்க. ஃபெயிலுக்குக் கெஞ்சுற முதல் கம்பெனி ஆளு நீங்கதான்.

— நான் எங்க கெஞ்சினேன்? என்னத்தச் சொல்ல... சும்மா ஒரு பட்டன் பெட்டி, அதான் கேட்டேன்.

— சும்மா பட்டனா? நோயாளி கட்டில்ல மாட்டுறது சார். அமுக்கினா நர்ஸ் மேசையில மணி அடிக்கணும். சரி விடுங்க. சான்றிதழ் புதுப்பிக்க ரிப்போர்ட் அடிக்கட்டுமா?

— உள்ள அலை அனுப்புற ரேடியோ மாட்யூல் நம்பர் பார்த்தீங்களா?

— பார்த்தேன். சான்றிதழ்ல இருக்கிற அதே நம்பர்.

— இந்தப் பெட்டியில இருக்கும்.

— "இந்தப் பெட்டியில"ன்னா?

— குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா மேடம்?

— இந்தாங்க. மெதுவா. இப்ப சொல்லுங்க.

— என்னத்தச் சொல்ல... பழைய மாட்யூல் வரத்து நின்னு எட்டு மாசமாச்சு. மச்சான் வேற ஒண்ணு பிடிச்சாரு. அதே அளவு, போர்டுல பத்த வைக்கிற கம்பிக் காலும் அதே மாதிரி. "கச்சிதமா உக்காருதுல்ல, அப்புறம் என்ன டெஸ்ட்டு?"ன்னுட்டாரு.

— மச்சான்னா, உங்க முதலாளியா?

— முதலாளிதான். என் தங்கச்சி வீட்டுக்காரரு. அந்த மாட்யூல் பக்கத்து அலைவரிசையிலயும் சேர்ந்து கத்துது மேடம். தனியா ஒண்ணு இருந்தா தெரியாது. ஒரே வார்டுல நாப்பது பெட்டி இருந்தா, ஒண்ணு போடுற கூச்சல்ல இன்னொண்ணு கூப்பிடுறது கேக்காது.

— அப்போ எனக்குக் கொண்டு வந்த இது?

— ஸ்டோர் மூலையில பழைய மாட்யூல் ஒண்ணு கிடந்துச்சு. அதை நானே என் கையால சால்டர் பண்ணிக் கொண்டு வந்தேன். மச்சான் சொல்லித்தான்.

— நல்லதை வச்சுக் கொண்டு வந்துட்டு, ஃபெயிலாகணும்னு எதிர்பார்த்தீங்களா?

— வேணும்னே அரைகுறையாத்தான் பத்த வச்சேன். சரியா உக்காந்திருக்காதுன்னு ஒரு நப்பாசை. அதுவா ஃபெயிலானா யாரு மேலயும் பழி வராதுல்ல?

— உங்க கை உங்க பேச்சைக் கேக்கல போலிருக்கு.

— பதினெட்டு வருஷம் சால்டர் பிடிச்ச கை மேடம். பொய் சொல்லத் தெரியல அதுக்கு.

— இதெல்லாம் வாயால சொன்னா போதாது சார். இந்தாங்க பேப்பர்.

— எழுதிட்டா வேலை போயிடும்.

— போயிடும்.

— தங்கச்சி வாசப்படி மிதிக்க முடியாது.

— அதுக்கு நான் என்ன சொல்ல முடியும்? எனக்கும் அசதியா இருக்கு சார். எழுதுறதும் எழுதாததும் உங்க இஷ்டம்.

— பேனாவக் குடுங்க... எட்டு மாசமா சரியாத் தூங்கல மேடம். கண்ண மூடினா கட்டில் கட்டிலாத் தெரியுது... இந்தாங்க. எந்தெந்த ஆஸ்பத்திரிக்குப் போச்சுன்னும் கீழ எழுதியிருக்கேன். எல்லாத்தையும் திரும்ப எடுக்கச் சொல்லுங்க.

— கையெழுத்து?

— போட்டாச்சு. அப்பாடா. நல்லவேளை, இதுவரைக்கும் யாருக்கும் ஒண்ணும் ஆகல. அந்த மட்டுக்கும் தப்பிச்சோம்.

— இந்த லிஸ்ட்டுல ரெண்டாவதா எழுதியிருக்கீங்களே, அந்த ஆஸ்பத்திரியிலதான் சார் எங்க மாமியார் இருக்காங்க. பட்டனை அமுக்கி அமுக்கிப் பார்த்து, யாரும் வரலன்னு தானா எறங்கப் போயி விழுந்து இடுப்பை ஒடைச்சுக்கிட்டாங்க. அவங்க கட்டில் பெட்டிய நேத்தே கழட்டிப் பார்த்துட்டேன், உள்ள வேற நம்பர் மாட்யூல்; நீங்களா சொல்றீங்களான்னுதான் காத்துக்கிட்டிருந்தேன்.