மூக்கைத் தொட்டாரா டாக்டர்?

வெட்கத்தை விட்டு ஒண்ணு சொல்லிடறேன்... ஆஸ்பத்திரியில வேலை பார்க்கிற உங்க முன்னாடி மைக் பிடிச்சு நிக்கறவன் ஒரு பொய்ச்சாட்சி! கைதட்டாதீங்க, முழுசா கேளுங்க. குட்டிக் கதைதான். உங்க டீ ஆறுறதுக்குள்ள முடிச்சிடுவேன்.

போன வருஷம் எனக்குக் குடலிறக்க ஆபரேஷன். முதுகுல ஊசி போட்டாங்க. இடுப்புக்குக் கீழ நான் இல்லை... வாய் மட்டும் முழு உசுரோட இருக்கு. அதுக்கும் ஒரு ஊசி உண்டான்னு என் மனைவி டாக்டரைத் தனியாக் கேட்டாளாம்!

நெஞ்சுக்கு மேல பச்சைத் துணித் திரை. அந்தப் பக்கம் டாக்டர் குலசேகரன். இருபத்தஞ்சு வருஷ சர்ஜன். அவர் தும்மினா ஆஸ்பத்திரியே எழுந்து நிக்கும். பக்கத்துல கத்தி எடுத்துக் கொடுக்கிற ஜெசிந்தா சிஸ்டர். வேலைக்குச் சேர்ந்து எட்டே மாசம்.

டாக்டர் கை நீட்டறார். "கத்தி."

வரலை.

"டாக்டர்... கிளவுஸ் மாத்திடுங்க. மாஸ்க்ல கை பட்ட மாதிரி இருந்துச்சு. மூக்குகிட்ட."

"படலைம்மா. இன்னும் மூணு கேஸ் இருக்கு. கொடு."

"மாத்திட்டு வாங்க டாக்டர், கொடுக்கிறேன்."

மயக்க மருந்து டாக்டர் அண்ணாந்து லைட்டைப் பார்க்கிறார். நாமளும் அப்படித்தானே? மேலதிகாரி மாட்டிக்கிட்டா, நமக்கு உடனே கூரை மேல ஒரு பாசம் வந்துடும்!

டாக்டர் திரைக்கு மேல எட்டிப் பார்த்தார். "சார், முழிச்சுத்தானே இருக்கீங்க? நான் தொட்டேனா?"

நீங்களே சொல்லுங்கய்யா... வயிறு என்னுது, கத்தி அவரோடது. என்ன சொல்லுவேன்?

"தொடவே இல்லை டாக்டர்! மூக்கே இல்லாதவர் மாதிரி நின்னீங்க!"

சிஸ்டர் மெதுவாச் சொன்னாங்க: "அவர் கண்ணாடியைக் கழட்டி வார்டுல வெச்சிருக்கோம் டாக்டர். அவருக்கு உங்க முகமே தெரியாது."

மனுஷன் சிரிச்சுட்டார். கிளவுஸைக் கழட்டினார். "புதுசு கொடும்மா."

வீட்டுக்குக் கிளம்பற அன்னைக்குக் கேட்டேன்: "சிஸ்டர், நிஜமாவே தொட்டாரா?"

"தெரியலை சார். ஓரக்கண்ணுல பார்த்தேன். சந்தேகம் வந்தாலே தொட்ட கணக்குதான்."

கேட்டீங்களா? தங்கச்சிங்களே, தம்பிங்களே, தரை துடைக்கிற அக்காமாரே... கிருமிக்கு சீனியாரிட்டி தெரியுமா? பெரிய டாக்டர் கைன்னு மரியாதையா இறங்கிப் போகுமா? சந்தேகம் வந்தா வாயைத் திறங்க. திறந்தவங்களைத் திட்டாம, பெரியவங்களே, கிளவுஸைக் கழட்டுங்க. அன்னைக்கு அந்த ரூம்ல கேட்கிற தைரியம் ஒருத்தர்கிட்ட இருந்துச்சு, கேட்டுக்கிற தைரியம் ஒருத்தர்கிட்ட இருந்துச்சு. ரெண்டுமே இல்லாதவன்... மல்லாந்து படுத்திருந்தான்.

அப்புறம்... எனக்குப் புண்ணுல சீழ் வெச்சுது. அவங்க மேல தப்பில்லை. வீட்டுக்குப் போன மறுநாளே கட்டைப் பிரிச்சு, பஜ்ஜி தின்ன கையால, என் மச்சானுக்குத் தையலை ஒவ்வொண்ணாத் தொட்டு எண்ணிக் காட்டினேன்.