கதையில் அழுதவள்

எழுபதுகளில் ஒருநாள், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பூந்தமல்லி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். பத்திரிகைக்கு அனுப்ப எழுதிய கதையை அவர் மனைவிக்குப் படித்துக் காட்டினார்.

“இன்னா மாமா, கதை முச்சூடும் என்ன அழ வுட்டுக்கீற? நம்ம கொழந்த செத்த அன்னிக்கு நான் எங்க அழுதேன்?”

“தாயின்னா அழுவணும். இல்லாங்காட்டி படிக்கிறவங்க நம்ப மாட்டாங்க.”

“எனக்குப் பால் கட்டிக்கிச்சு. பக்கத்து வூட்டுப் புள்ள பசில கத்திச்சு. தூக்கிப் பால் குடுத்தேன். நீ பாத்துக்கினுதான இருந்த?”

“பாத்தேன்.”

“அப்ப அத எழுது.”

அவர் கடைசித் தாளில் நான்கு வரிகளை அடித்தார். புதிதாக எழுதப் பேனா நகரவில்லை.

“அப்ப உனக்கு எப்பிடி இருந்திச்சு?” என்று கேட்டார்.

“இத்தினி வருசத்துல இப்பதான் கேக்குற,” என்றாள் அவள்.